காத்தாடிக் கடைக்காரர் வீட்டுச் சன்னல்

மலாக்காவில் மின்சாரக் காத்தாடி வாங்க வேண்டுமென்றால் ஷரீஃபுதீன் கடைக்கு மட்டும் அவசரத்தில் போகக்கூடாது. சரக்கில் குறை சொல்ல முடியாது, விலையும் நியாயந்தான். ஆனால் மனிதர் காத்தாடியை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் துருவித் துருவிக் கேள்வி கேட்பார். வீடு எந்தத் திசை பார்த்திருக்கிறது? படுக்கிற அறைக்குச் சன்னல் எத்தனை? அதற்கு எதிர்ச்சுவரில் காற்று வெளியே போக வழி உண்டா? தலைக்கு மேலே என்ன, பலகைத் தட்டா, வெறும் தகரமா? பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "மேக்கால ஒரு சன்னல் வச்சுப் பாருங்க. அப்பவும் பத்தலைன்னா வாங்க, தர்றேன்" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

புக்கிட் காதில் என்ற ஊர்ப்பக்கம் புது வீடுகள் எழும்பும் இடங்களிலும் அவரைப் பார்க்கலாம். சைக்கிளைச் சாத்திவிட்டு, வெயிலில் நின்று, கதவுக்கு மேலே காற்றுத் துளை விடுங்கள், கூரையை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் என்று முன்பின் தெரியாத கொத்தனார்களிடம் கெஞ்சுவார். அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போய், அவர் தலை தெரிந்ததுமே, "விட்டாச்சு பாய், துளை விட்டாச்சு" என்று கத்துவார்கள். பெண்டாட்டி போனதிலிருந்து மனுஷனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊர் எப்போதும் பாதியைத்தான் தெரிந்து வைத்திருக்கும்.

ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து சின்ன வயதிலேயே கப்பலேறி வந்தவர் அவர். உறவுக்காரர் ஒருவரின் விளக்குக் கடையில் சிம்னி துடைப்பதும் திரி வெட்டுவதும் அவருக்குப் படிப்பாயின. ஜப்பான்காரன் காலம் முடிந்து ஊர் மூச்சுவிட ஆரம்பித்தபோது சொந்தமாக ஒரு கடை போட்டார். அரிக்கேன் விளக்கில் தொடங்கியது பல்பு, வயர் என்று வளர்ந்து, கடைசியில் கடை முழுக்கக் காத்தாடிகள் தொங்கின. மின்சாரத்தின்மேல் அவருக்கு இருந்த பற்றைச் சொல்லி முடியாது. இருட்டோ வெக்கையோ எந்தக் கஷ்டமானாலும் ஒரு சுவிட்சைத் தட்டினால் தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினார்.

மனைவி மைமூன் இங்கேயே பிறந்தவள். அவள் வளர்ந்தது புக்கிட் காதிலில், கால் ஊன்றி நிற்கும் பலகை வீட்டில். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, கீழே ஆள் குனிந்து போகும் அளவுக்கு வெற்றிடம். தரைப்பலகை இடுக்கு வழியாகக் காற்று பாயைத் தூக்கும். மைமூனின் தமிழில் பாதி மலாய் கலந்திருக்கும். காற்று என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை, அங்கின் என்றுதான் சொல்லுவாள். கடைக்குப் பின்னாலிருந்த வாடகை அறையில் குடித்தனம் நடத்தி, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே பிறந்த மகள் மும்தாஜை வளர்த்து, அவள் எதற்கும் முகம் சுளித்ததில்லை.

ஐம்பத்தாறாம் வருஷத் தொடக்கத்தில் பாடாங் திடலில் பெருங்கூட்டம் கூடியது. சுதந்திரம் வரும் தேதி அங்கே அறிவிக்கப்பட்டபோது ஷரீஃபுதீனும் கூட்டத்தில் நின்றார், தொப்பி எங்கோ போய்விட்டதுகூடத் தெரியாமல் நின்றார். வீட்டுக்கு வந்ததும், "இனி இதான் நமக்கு ஊரு. வீடு கட்டிரலாம் புள்ள" என்றார். மைமூன் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் மனை வாங்கினார். இந்த ஊரிலேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்த மனிதர், வீட்டை மட்டும் அந்த ஊர் வீடாகக் கட்டினார், அதுதான் கொடுமை. அவருடைய வாப்பா கட்டிய கல்வீடு அவர் மனத்தில் அப்படியே நின்றது. தடித்த சுவர், நடுவில் திறந்த முற்றம், மேலே மொட்டை மாடி. காய்ந்த வெயில் அடிக்கும் ஊருக்கு அது தோதான வீடு. இங்கேயோ தினம் மதியம் வரை புழுங்கி, பிறகு மழை கொட்டும். சிறுபிள்ளையாக இருந்தபோது முழம் போட்டுப் பார்த்த சுவரை நினைவில் வைத்துக்கொண்டு, சேதுபதி கொத்தனாரிடம், "இம்புட்டுத் தடி இருக்கணும்" என்று கையை விரித்துக் காட்டினார்.

வாப்பா வீட்டிலிருந்து இன்னொன்றையும் கொண்டுவந்தார். கூடத்திலிருந்து உள்ளே போகும் நடை நேராகப் போகக்கூடாது. ஓராள் போகும் அகலத்தில் இரண்டெட்டுப் போய், சுவரில் முட்டுவதுபோல் நின்று, பக்கவாட்டில் திரும்ப வேண்டும். வாசலில் நிற்கும் ஆண்பிள்ளையின் கண்ணுக்கு உள்ளே இருக்கும் பெண்கள் படாமலிருக்க அந்த ஏற்பாடு.

நல்லது என்று அந்த வீட்டில் ஒன்று இருந்ததென்றால் அது படுக்கையறையின் மேற்குச் சுவர்தான். நகராட்சியில் ஒப்புதல் வாங்குவதற்காகப் படம் வரைந்தவர் அந்தச் சுவரில் மூன்று சன்னல்கள் போட்டிருந்தார், தரைவரை இறங்கும் உயரச் சன்னல்கள். அதற்கு அப்பால் மாமரம் நின்ற வெற்று மனை. மதியத்துக்குமேல் கடற்காற்று அந்த மனையைத் தாண்டி நேரே உள்ளே வரும். சுவர் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் மைமூன் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள். சட்டம்கூடப் பொருத்தாத அந்தச் சன்னல் திறப்பில் உட்கார்ந்து, முக்காடு நழுவுவது தெரியாமல் கண்ணை மூடிக்கொள்வாள். "இந்த எடம் எனக்கு" என்று அன்றைக்கே சொல்லி வைத்தாள்.

பெரிய கட்டிலும் அலமாரியும் வந்தபோது அந்த வளைந்த நடையில் திரும்பவில்லை. கடைசியில் மேற்குச் சன்னல் வழியாகத்தான் உள்ளே ஏற்றினார்கள்.

குடிபோன கொஞ்ச நாளிலேயே வீடு ஒவ்வொரு பக்கமாகக் கண்ணை மூட ஆரம்பித்தது. முதலில் முற்றம் போனது. மழை ஒவ்வொரு மதியமும் முற்றத்தில் இறங்கி அறைக்குள் ஏறியதால் மேலே தகரம் போட்டு அடைத்தார்கள். வெளிச்சம் போயிற்று. ஷரீஃபுதீன் கடையிலிருந்து ஒரு பல்பு கொண்டுவந்து மாட்டினார். அடுத்ததாக, பக்கத்து மனையின் சொந்தக்காரர் அங்கே ஒரு சைக்கிள் கொட்டகைக்கு இடம் விட்டார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இளவட்டங்கள் சட்டையில்லாமல் நின்று டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஷரீஃபுதீன் ஒருநாள் சன்னலருகே நின்று பார்த்தார். அவர்கள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காக விட்டுவிடுவாரா? மறுநாளே சேதுபதியைக் கூட்டிவந்துவிட்டார்.

"மும்தாஜ் வாப்பா, இதை மட்டும் அடைக்காதீங்க. இது ஒண்ணுலதாங்க அங்கின் வருது" என்றாள் மைமூன். 

"வயசுப் புள்ள இருக்கிற வீடு. அங்கன நிக்கிறது பூரா ஆம்பளைங்க."

"மூங்கில் தட்டி கட்டிக்கலாம். உள்ள ஒண்ணும் தெரியாது."

"காத்து அடிச்சா தட்டி தூக்காதா?"

சேதுபதி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். "சாய்பலகை வச்சுத் தரேன் பாய். காத்து வரும், கண்ணு வராது. சீனன் கடைக்கு மேல பூராவும் அப்படித்தான வச்சிருக்கான்."

"பலகையில வெரல விட்டுத் தூக்கிப் பாத்தா என்ன செய்வே?"

எவன் வந்து விரலை விட்டுத் தூக்கப் போகிறான் என்று சேதுபதிக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். மைமூன் அப்போதும் விடவில்லை. கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சன்னல், ஒரே ஒரு சன்னலை மட்டும் விடுங்கள் என்றாள். ஷரீஃபுதீன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிற்காலத்தில் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் முகத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கும்.

"காத்தாடிக் கடைக்காரன் பொண்டாட்டிக்குக் காத்துக்கா பஞ்சம்? ரூமுக்கு ஒண்ணு மாட்டுறேன் பாரு."

சேதுபதி மூன்று சன்னல்களையும் ஒற்றைச் செங்கல் வரிசையில் அடைத்தார். சன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் காங்கிரீட் கட்டையை அப்படியே விட்டு வைத்தார். "நாளைக்கு மனசு மாறினா இடிக்கிறது சுளுவு பாய், சுவருக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு கரண்டியைக் கழுவிக்கொண்டே வேடிக்கையாக ஒன்று சொன்னார். "இனிமே இந்த வீட்டுக்குள்ள பெரிய சாமான் வரவும் முடியாது, போகவும் முடியாது."

"வந்ததெல்லாம் இங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் ஷரீஃபுதீன்.

சொன்னபடி அறைக்கு அறை காத்தாடி மாட்டினார். படுக்கையறையில் மேலே ஒன்று, போதாததற்கு அலமாரிப் பக்கத்தில் மேசைக் காத்தாடி ஒன்று. ஊர் வந்து பார்த்து மூக்கில் விரலை வைத்தது. பகலெல்லாம் பல்பு எரிந்தது, காத்தாடி சுற்றியது, வாசலில் மீட்டரின் சக்கரமும் ஓயாமல் சுற்றியது. இறைவன் கடலிலிருந்து சும்மா அனுப்பிய காற்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கம்பி வழியாகக் காற்றை வரவழைத்தார் மனிதர். அந்தக் காத்தாடியும் என்ன செய்யும்? அடைத்த அறையின் வெக்கையை எடுத்து அவள் முகத்திலேயே திருப்பி வீசியது. மொட்டை மாடி பகலில் குடித்த வெயிலை இரவில் கக்கியது. மழைக்காலத்தில் அதே மாடி ஈரத்தைக் கசியவிட, சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. ஷரீஃபுதீன் சுண்ணாம்பு அடிப்பார், அது காய்வதற்குள் பூஞ்சை மறுபடி எட்டிப்பார்க்கும்.

சுதந்திரம் வந்த நாட்களில் மலாக்காவே விளக்கில் மிதந்தது. பாதித் தெருக்களுக்குச் சரவிளக்கு அவர் கடையிலிருந்துதான் போயிற்று. சாயங்காலம் மனைவியையும் மகளையும் மூன்றுசக்கரத் திரிஷா வண்டியில் ஏற்றிக் காட்டக் கூட்டிப்போனார். பாடாங் அப்போது கடலை ஒட்டியிருந்தது. "அந்தா, அந்தச் செவப்பு பல்பு வரிசை பூராவும் நம்ம சரக்கு" என்று அவர் காட்டிக்கொண்டே வந்தார். மைமூன் விளக்கைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, தண்ணீர் குடிப்பதுபோல் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அங்கின், பாத்தீங்களா" என்றாள்.

"வெளக்கப் பாரு புள்ள" என்றார் அவர்.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு இழுப்பு வந்தது. முதலில் மழைநாளில் மட்டும் வந்தது, பிறகு நாள் கிழமை பார்க்காமல் வந்தது. மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். டாக்டர் மருந்து கொடுத்தார், கூடவே நல்ல காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள் என்றார். ஷரீஃபுதீன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, காத்தாடியைக் கட்டிலுக்கு இன்னும் அருகில் நகர்த்தினார்.

மைமூனின் தம்பி உமர் புக்கிட் காதிலில் அந்தப் பழைய பலகை வீட்டிலேயே இருந்தான். அக்காவின் நிலையைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் வந்து கூட்டிப்போவான். அங்கே போன மூன்றாம் நாளே அவள் எழுந்து நடமாடுவாள், மிளகாய்ச் சம்பால் இடிப்பாள், தம்பி பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவாள். ஒரு வாரம் ஆவதற்குள் ஷரீஃபுதீன் வாடகைக் காரோடு வந்து நிற்பார்.

"இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும் மச்சான். லாத்தாவுக்கு இங்க மூச்சு நல்லா இருக்கு" என்பான் உமர்.

"கல்வீட்டைக் கட்டிப்போட்டுப் பொண்டாட்டிய அத்தாப்பு வீட்டுல படுக்க வச்சிருக்கான்னு ஊரு சிரிக்காதா?"

மைமூன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவாள். அவர்மேல் அவளுக்கு இருந்த பிரியம் அப்படி. அவருக்கும் அவள்மேல் உயிர்தான். அவள் இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது, அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் ஊர் சிரிக்கும் என்று சொன்னார். அன்பில் குறை வைத்த மனிதர் இல்லை அவர், அதனால்தான் இந்தக் கதை இப்படி வலிக்கிறது.

மும்தாஜுக்கு மூவாரில் மாப்பிள்ளை அமைந்து நிக்காஹ் முடிந்தது. வயசுப் பிள்ளைக்காக அடைத்த சன்னல், பிள்ளை புருஷன் வீட்டுக்குப் போன பிறகும் அடைத்தபடியே இருந்தது. மைமூன் பகல் முழுவதும் பல்பு வெளிச்சத்தில் தனியாக இருந்தாள். பேச்சுத்துணைக்குப் பக்கத்து வீட்டு மீனாச்சி பின்வாசல் வழியாக வருவாள். அவள் தலைமுறை தலைமுறையாய் மலாயே பேசிவந்த மலாக்காச் செட்டி வீட்டுப் பெண், தமிழ் தெரியாது, இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். மைமூன் எப்போதும் அந்த மேற்குச் சுவர் ஓரத்திலேயே பாயைப் போட்டுக்கொள்வாள். அடைத்த இடத்தில் செங்கல் மெலிசு என்பதால் வெளிச்சத்தம் கொஞ்சம் கேட்கும்.

ஒருநாள் ஷரீஃபுதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்தச் சத்தம் நின்னு போச்சுங்க" என்றாள்.

"எந்தச் சத்தம்?"

"சைக்கிள் கடைச் சத்தம். மணி அடிக்கிறது, பம்பு அடிக்கிறது, ஒண்ணும் காணோம். காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க போல." அவர் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, மெதுவாக, "இப்பத் தொறந்துரலாமா?" என்று கேட்டாள்.

"நோன்பு கழியட்டும்."

நோன்பு கழிந்தது, பெருநாள் வந்து போனது. சேதுபதிக்கு வேறிடத்தில் வேலை என்றார். பிறகு மழைக்காலம் என்றார். அந்த மனைக்கு வழி வேறு சந்திலிருந்து. அவர் கடைக்குப் போவதோ நேர் எதிர்த்திசை. சைக்கிளை இரண்டு மிதி மிதித்துப் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை. உண்மையான காரணம் அவருக்குத் தெரியும். அந்தச் சன்னலைத் திறந்தால், வாப்பாவைப் போல் கட்டிய வீடு தப்பு என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒப்புதலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அவளும் அடிக்கடி கேட்டு நச்சரிக்கிறவள் இல்லை. எப்போதாவது சுவரைத் தடவிக்கொண்டு, "மழை விட்டாச்சே" என்பாள், அவ்வளவுதான்.

அறுபத்தொன்றில், மழையே இல்லாத ஒரு தை மாதப் பகலில், ஊர் முழுவதும் கரண்டு போய்விட்டது. கடையில் தொங்கிய காத்தாடிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. அப்போது ஒரு வாடிக்கைக்காரர் காத்தாடி வாங்க வந்திருந்தார். ஓட்டிக் காட்டினால்தான் வாங்குவேன் என்றார். "இப்ப வந்துரும், உக்காருங்க" என்று ஷரீஃபுதீன் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கதை பேசி, அவரைப் பிடித்து வைத்திருந்தார். வீட்டிலும் கரண்டு போயிருக்கும் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று அந்த நினைப்பையும் உட்கார வைத்தார். சாயங்காலம்தான் கரண்டு வந்தது. காத்தாடி சுற்றியது, வாடிக்கைக்காரர் திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார். அவர் படியிறங்கும்போது மீனாச்சியின் வீட்டுக்காரர் சைக்கிளில் இரைக்க இரைக்க வந்து நின்றார்.

ஷரீஃபுதீன் போய்ச் சேர்ந்தபோது மைமூன் அந்த மேற்குச் சுவர் ஓரத்துப் பாயில் கிடந்தாள். கன்னத்தைச் செங்கல் அடைப்பில் ஒட்டி வைத்திருந்தாள். இருட்டில், தீயாய்க் கொதித்த அறையில், மதியத்திலிருந்து அவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்திருக்கிறாள். பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த மீனாச்சி பார்த்துத்தான் ஊரைக் கூட்டியிருக்கிறாள். இப்போது கரண்டு வந்து பல்பு எரிந்தது, மேலே காத்தாடி முழு வேகத்தில் சுற்றியது. ஷரீஃபுதீன் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மூச்சு எங்கோ தூரத்தில் ஒரு நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

"மைமூன், கரண்டு வந்துருச்சு புள்ள. பாரு, காத்தாடி ஓடுது பாரு" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை. டாக்டர் வந்து சேர்வதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. ரொம்ப நாளாக இதயம் களைத்துப்போயிருந்தது, இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் நடந்திருக்கும் என்று டாக்டர் அவருக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் அவருக்கு எந்தக் காலத்திலும் உதவவில்லை.

மூவாரிலிருந்து மும்தாஜ் வந்து சேர வேண்டியிருந்ததால் மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவாயிற்று. பெண்கள் பின்கட்டில் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, படுக்கையறையில் கிடத்தினார்கள். ஊதுவத்திப் புகை கலைகிறது என்று யாரோ காத்தாடிகளை நிறுத்தினார்கள். பள்ளிவாசலிலிருந்து சந்தூக் வந்தது. கூடத்திலிருந்து நாலு பேர் அந்த மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார்கள்.

பெட்டி நடையில் முட்டியது. சாய்த்துப் பார்த்தார்கள், பின்னுக்கு இழுத்துக் கோணலாக விட்டுப் பார்த்தார்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர, பெட்டி திரும்பவில்லை.

"பெட்டி கூடத்துலயே இருக்கட்டும். மையத்து ஒடம்பைக் கையில எடுத்துட்டு வந்துரலாம்" என்றார் பெரியவரான ஹாஜியார் ஒருவர்.

உமர் நடைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஓராளுதான் போக முடியுது ஹாஜியார். லாத்தாவைத் தூக்கி நிமித்தி, அந்த மூலையில மடக்கித்தான் கொண்டாரணும்."

"அப்ப பின்வாசல்?"

"பின்னால சாக்கடைச் சந்து. அதுக்கும் அடுப்படியைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

எல்லோரும் ஷரீஃபுதீனைப் பார்த்தார்கள். அவர் நடைச் சுவரில் பெட்டி கீறிய தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா வீட்டில் அந்த நடையைத் தாண்டித்தானே உம்மாவின் மையத்தும் போயிருக்கும், எப்படிக் கொண்டுபோயிருப்பார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்போது அவர் இங்கே மலாக்காவில் சிம்னி துடைத்துக்கொண்டிருந்தார். 

"மடக்க வேணாம்" என்றார். "அவளை யாரும் மடக்க வேணாம். சேதுபதி இருக்காரா?"

சேதுபதி வாசலில் மற்றவர்களோடு நின்றிருந்தார். கூப்பிட்டதும் உள்ளே வந்தார். அவரிடம் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடப்பாரை வந்தது. பெண்கள் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். மும்தாஜ் மட்டும் உம்மாவின் தலைமாட்டை விட்டு நகரமாட்டேன் என்றாள். தூசி படாமலிருக்க மையத்தின்மேல் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

முதல் அடியை அடிக்கச் சேதுபதி கடப்பாரையை ஓங்கியபோது ஷரீஃபுதீன் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பல்பும் வயரும் பிடித்துப் பழகிய கை. முதல் அடி வழுக்கிற்று. இரண்டாவது அடியில் ஒரு செங்கல் அசைந்தது. "கட்டைக்குக் கீழ அடிங்க பாய், அங்கதான் லேசா இருக்கும்" என்றார் சேதுபதி. நடுச் செங்கல் வெளிப்பக்கம் விழுந்ததும் ஒரு கை அகலத்துக்குப் பகல் வெளிச்சம் உள்ளே வந்து பூஞ்சை படிந்த சுவரில் விழுந்தது. அதற்குப் பிறகு உமரும் சேதுபதியும் வெறுங்கையாலேயே செங்கற்களை உருவி எடுத்தார்கள். மேலே அந்தக் காங்கிரீட் கட்டை சொன்ன சொல் தவறாமல் சுவரைத் தாங்கி நின்றது. 

ஷரீஃபுதீன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்தார். ஆள் உயரத்துக்கு லாலாங் புல் வளர்ந்திருந்தது. மாமரத்தடியில் துருப்பிடித்த சைக்கிள் சக்கரம் ஒன்று கிடந்தது, அதையும் பாதிக்குமேல் கொடி மூடியிருந்தது. கொட்டகை இருந்த அடையாளமே இல்லை. எத்தனையோ மாதங்களாக அங்கே ஒரு மனிதரும் இல்லை. யார் கண்ணுக்குப் பயந்து அவள் மூச்சை அடைத்து வைத்தாரோ, அந்தக் கண் ஒன்றுகூட அங்கே இல்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார்.

அப்போது கடலிலிருந்து மதியக் காற்று வந்தது. லாலாங் புல்லைச் சாய்த்துக்கொண்டு வந்து, உடைந்த செங்கல்லைத் தாண்டி அறைக்குள் நுழைந்தது. ஊதுவத்திப் புகை கலைந்தது. அலமாரிப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த மேசைக் காத்தாடி மெல்ல அசைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு நிற்காமல் சுற்ற ஆரம்பித்தது. ஷரீஃபுதீன் அதைப் பார்த்தார். பழக்கத்தில் எழுந்துபோய்ச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். அது அணைத்தபடியே இருந்தது.

திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் முழங்காலிட்டார். மும்தாஜ் பிடித்திருந்த போர்வையை விலக்கினார்.

"மைமூன், அங்கின் வருது புள்ள" என்றார்.

சந்தூக்கைச் சுற்றிக் கொண்டுவந்து சன்னலுக்கு வெளியே புல்லில் வைத்திருந்தார்கள். உமர் தலைப்பக்கம் பிடித்தான், ஷரீஃபுதீன் கால்பக்கம் பிடித்தார். அவளைக் கொஞ்சமும் மடக்காமல், நேராக, அந்தச் சன்னல் வழியாக வெளியே எடுத்தார்கள்.